பட்டினிப் பாத்தி

செப்டம்பர் 24, புதன்

இன்று சீட்டுக் குலுக்கி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாத்திகளைப் பிரித்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு மக்காச்சோளப் பாத்தி. சிலவற்றுக்கு முழு அளவு யூரியா, சிலவற்றுக்குப் பாதி. ஒன்றே ஒன்றுக்கு எதுவும் கிடையாது. ஆராய்ச்சி என்றால் உரமில்லாத பாத்தி குறைந்தது மூன்று வேண்டும். இது பாடம்தான், கல்லூரிப் பண்ணையில் இடமும் அவ்வளவுதான். உரத்தால் எவ்வளவு கூடுதலாக விளைந்தது என்று சொல்ல, உரம் காணாத பயிர் ஒன்று பக்கத்தில் நின்றாக வேண்டும். மற்றபடி களை, தண்ணீர், எல்லாம் ஒன்றுபோல. புத்தகத்தில் அதற்குக் கட்டுப்பாட்டுப் பாத்தி என்று பெயர். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் பட்டினிப் பாத்தி. அது விழுகிறவருக்கு வகுப்பே கைதட்டி உச்சுக் கொட்டுவது இங்கே வழக்கம்.

இந்த வருடம் உலகம்மைக்கு விழுந்தது. சுரண்டைப் பெண், மூன்றாவது பெஞ்ச். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பரிசு விழுந்தவள்போலத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"கன்ட்ரோல் விழுந்துட்டு மேடம்!"

"அதுக்கு ஏன்ட்டி இந்தக் குதி குதிக்க?" என்றாள் பக்கத்தில் இருந்த நஸ்ரின். இருவரும் விடுதியில் ஒரே அறை. அடுத்தடுத்த பாத்திகளும் விழுந்திருக்கின்றன. "மேடம், நான் வேணும்னா மாத்திக்கிடுதேன்."

மாற்ற முடியாது என்றேன். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் மாணவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முதல் உள்தேர்வு மதிப்பெண் வந்ததும் அந்தச் சிரிப்பு காணாமல் போய்விடும்.

துறைத்தலைவர் அருணகிரி சார் இடமாற்றம் பற்றி மறுபடி கேட்டார். பல்கலைக்கழகத் தலைமையகத்தில் அலுவலக வேலை, குளிர்சாதன அறை, வயலில் நிற்க வேண்டாம். என் முழங்கால் பற்றி அவருக்கு யார் சொன்னார்களோ. டிசம்பருக்குள் சொல்கிறேன் என்றேன். கேஸ் சிலிண்டர் புக் செய்தாயிற்று.

செப்டம்பர் 26, வெள்ளி

விதைப்பு முடிந்தது. மாவு புளித்துவிட்டது, இரவுக்குத் தோசை.

அக்டோபர் 1, புதன்

முளைப்பு பார்க்கக் காலையில் போனேன். எனக்கு முன்பே உலகம்மை வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாப் பாத்தியிலயும் ஒண்ணு போலத்தான் மொளைச்சிருக்கு மேடம். விதைக்கு இன்னும் விஷயம் தெரியாது."

விதையிலேயே கொஞ்ச நாளுக்கு உணவு இருக்கும், அதுதான் காரணம் என்றேன். "கட்டுச்சோறு" என்றாள். அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. வகுப்பில் பயன்படுத்தலாம்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு முதல் மேலுரம். வாளியில் யூரியா வாங்கிக்கொண்டு எல்லோரும் வரிசை வரிசையாகப் போட்டு மண் அணைத்தார்கள். உலகம்மையும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு தன் பாத்திக்குள் இறங்கினாள். நான் சத்தம் போட்டேன்.

"மேடம், வாளி காலி." கவிழ்த்துக் காட்டினாள். "அவங்க பாத்தியில இன்னைக்கு கால் பதியுது, மண்ணு கெளறுது. என் பாத்தியில மட்டும் சும்மா விட்டா அது வேற வித்தியாசமாயிரும்லா? உரம் ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் ஒண்ணு போல இருக்கணும்னு சொன்னீங்க."

காலி வாளியோடு செடி செடியாகக் குனிந்து, ஒன்றும் போடாத கையை ஒவ்வொரு தூருக்கும் நீட்டி, மண் அணைத்துக்கொண்டு போனாள். பையன்கள் சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஏ உலகு, பாத்துப் போடு, கூடிறப் போகுது!" என்றான் ஜெரோம். அவளும் சிரித்தாள். வேலையை நிறுத்தவில்லை.

இத்தனை வருடத்தில் இதை ஒரு மாணவரும் செய்ததில்லை. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் காபி கலக்கும்போது வாசலில் சத்தம். உலகம்மை. கையில் மெஸ் இட்லி ஒட்டியிருந்தது.

"மேடம், வந்திருச்சு!"

"யார்?"

"மஞ்சள்!"

காபியை மூடி வைத்துவிட்டுப் போனேன். என் குவார்ட்டர்ஸ் இருப்பது கேட் பக்கம், பண்ணை கல்லூரிக்குப் பின்னால். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தழைச்சத்து இல்லாத மக்காச்சோளத்தில் அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகும். ஓரங்கள் பச்சையாகவே இருக்க, நடு நரம்பு வழியாக மட்டும் ஒரு கூர்முனை உள்ளே இறங்கும். புத்தகத்தில் வண்ணப்படம் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"புத்தகத்துல உள்ளது அப்படியே வந்திருக்கு பாருங்க மேடம். நான் யாருக்கோ நடந்ததைத்தான் படிக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அடி இலை தன்கிட்ட உள்ளதைக் குருத்துக்கு அனுப்பிட்டுத்தான் மஞ்சளாவுதுன்னு படிச்சோம்லா? நெசமாவே அனுப்புது!"

நஸ்ரின் பல் தேய்த்த நுரை வாயோடு ஓடி வந்தாள். இலையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "மூதி, சீக்கு வந்ததுக்கா இந்த ஆட்டம்?"

"உன் பாத்தியில என்னட்டி இருக்கு? பச்சை. நாளைக்கும் பச்சை. என் பாத்தியிலதான் தெனமும் ஒரு சங்கதி நடக்கு."

நஸ்ரின் சிரிக்கவில்லை. நான் குனிந்து இலையைப் பார்த்தேன். வேலைதான், பார்க்கத்தான் வேண்டும். பனி காயாத இலையில் அந்த மஞ்சள் மிகத் தெளிவாக இருந்தது. திரும்பி வந்தபோது காபி ஆறியிருந்தது. அப்படியே குடித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

விடைத்தாள் திருத்தும் நேரத்தில் நஸ்ரின் என் அறைக்கு வந்தாள். விளைச்சலுக்கு மார்க் உண்டா, எல்லோருக்கும் ஒரே கணக்கா என்று கேட்டாள். மதிப்பெண் திட்டத்தில் உள்ளபடி என்றேன். நின்றுகொண்டே இருந்தாள். வேறு ஏதாவது உண்டா என்றேன். இல்லை என்று போய்விட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டாம் மேலுரம். உலகம்மை தன் அக்காவின் வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். இரண்டு நாள் விடுப்பு. போகுமுன் ஜெரோமிடம் சொல்லி வைத்திருக்கிறாள்போல. அவன் காலி வாளியோடு அவள் பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருந்தான், முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொண்டு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வெயில் அதிகம். குடையோடு ஒரு சுற்று வந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 15, சனி

விடாத மழை. மோட்டார் ரிப்பேர். சென்னையிலிருந்து தம்பி பேசினான். "தனியா அங்க என்னக்கா இருக்கு?" என்றான். மக்காச்சோளம் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பான். ஒன்றும் இல்லை என்றேன்.

நவம்பர் 22, சனி

வழியில் பாத்திகளைப் பார்த்தேன். பட்டினிப் பாத்தியில் இரண்டு வரிசை பச்சையாக இருக்கிறது. புது இலைகள் கரும்பச்சை. குருத்தில் வெள்ளை வெள்ளையாகக் கருகல். யூரியா குருணை இலைக்குள் விழுந்தால்தான் அப்படி வரும்.

ஆக, கடைசியில் இவளும் இப்படித்தான். காலி வாளியெல்லாம் ஒரு வேடிக்கை. நான் ஆச்சரியப்படவில்லை. மாலையில் எதுவும் சமைக்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

நான் கூப்பிடுவதற்கு முன்பே உலகம்மை வந்தாள்.

"மேடம், என் பாத்தியில யாரோ யூரியா போட்டிருக்காங்க."

"யாரோவா? நீ போடவில்லையா?"

அடி வாங்கியவள்போல என்னைப் பார்த்தாள். "நான் எதுக்கு மேடம் போடுதேன்? என்கிட்ட மட்டும்தானே அது இருந்துச்சு."

"எது?"

"மஞ்சள்."

சொல்லிவிட்டு அழுதாள். பயிர் வாடிப் போனதற்கு அழுத மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். பயிர் தேறியதற்காக அழுதவளை இன்றுதான் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"வரப்பு வழியா பக்கத்துப் பாத்தி உரம் கசிஞ்சிட்டுன்னு சொல்லிறலாம்னுதான் நெனச்சேன். மழையும் பெஞ்சுதுல்லா. ஆனா கசிஞ்சா பள்ளத்துப் பக்கம் கூடுதலாவும் மேட்டுப் பக்கம் கம்மியாவும் இருக்கணும். இது ரெண்டு வரிசையும் கடைசி வரைக்கும் ஒண்ணு போல இருக்கு. மூணாவது வரிசையில பொசுக்குனு நின்னுட்டு. கசிவு இல்ல மேடம். கையால போட்டதுதான்."

அவளை மடக்க நான் எடுத்து வைத்திருந்த வாதம் அதுதான். தப்பிக்க இருந்த ஒரே வழியை அவளே அடைத்துவிட்டாள்.

"யார் என்று தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்."

"சொல்ல மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"அது அன்புல போட்ட யூரியா மேடம்."

யூரியாவில் அப்படி ஒரு வகை கிடையாது என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அவளுக்கு அது உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

அருணகிரி சாரிடம் சொன்னேன். பரிசோதனையில் கை வைத்தால் அந்தப் பாடமே பூஜ்யம். அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும். விதி அது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வராவிட்டால் பாத்திக்கு உரியவள்மேல் நடவடிக்கை என்றார். உலகம்மையிடம் சொன்னேன். "சரி மேடம்" என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

இன்று காலையும் பாத்தியில் இருந்தாள். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத பெண், கையில் இலை வண்ண அட்டையை வைத்துக்கொண்டு, நெல்லுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு வரிசையின் பச்சையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது வரிசையும் கொஞ்சம் கெட்டிருக்கு மேடம். அதையும் விட்டிருவோம். உள்பக்கத்து வரிசையெல்லாம் இன்னும் சுத்தமா இருக்கு. அறுவடையில ஓர வரிசையை எப்பவும் கழிக்கத்தானே செய்வோம்? இந்தப் பக்கம் கூடுதலா கழிச்சிட்டா, மத்தவங்க கணக்குக்கு என் பாத்தி இன்னும் உதவும். நான் இல்லாட்டாலும் நீங்க அறுத்துப் பாத்துக்கிடுங்க."

வேறு காரணம் காட்டி அதை மறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஏற்கக்கூடிய முறைதான்.

"உனக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"இருக்கு மேடம். காலையில இங்க வந்தா கொஞ்ச நேரம் மறந்திருது. இங்க பாருங்க, கதிர்ல பட்டு நூல் வந்திட்டு. இவ்வளவு பட்டினியிலயும் பட்டு கட்டுது."

நவம்பர் 28, வெள்ளி

மதியம் நஸ்ரின் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான்தான் மேடம்."

"தெரியும். உன் வரப்பிலிருந்து கை எட்டுகிற தூரம்தான் பச்சையாக இருக்கிறது."

"தெரியுமா? பெறவு ஏன் மேடம் என்னைக் கூப்பிடல?"

தானாக வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்று மாலை கூப்பிடுவதாக இருந்தேன். அதை விட்டுவிட்டு, "குருத்தில் ஏன் போட்டாய்?" என்றேன்.

"அவ ஊருக்குப் போன அன்னைக்குத்தான் போட்டேன். உங்க குடை தெரிஞ்சுது மேடம். அவசரத்துல வீசிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவ என்கூட பேசி நாலு நாளாச்சு. மெஸ்ஸுல எப்பவும்போல தன் அப்பளத்தை என் தட்டுல வைக்கா. ஆனா பேச மாட்டேங்கா. பேசாம அப்பளம் மட்டும் வச்சா எப்படி மேடம் திங்க?"

"எதற்காகப் போட்டாய்?"

"வெளைச்சலுக்குப் பத்து மார்க்கு. எங்களுக்கெல்லாம் வந்திரும். அவளுக்கு எங்கேருந்து வரும்? அவ அதைக் கேக்கவே மாட்டா, மஞ்சளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத் திரிவா. அதான் நான் வந்து கேட்டேன். திட்டத்துல உள்ளபடின்னு சொன்னீங்க. திட்டத்துல அவ இல்ல மேடம்."

அவள் போன பிறகு மதிப்பெண் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதிக விளைச்சலுக்குப் பத்து, மற்றவர்களுக்கு அதே விகிதத்தில். உரமில்லாத பாத்திக்கு விலக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒருவர் அந்தப் பத்தில் பெரும்பகுதியைக் கேள்வி கேட்காமல் இழந்திருக்கிறார்.

டிசம்பர் 1, திங்கள்

அருணகிரி சாரோடு நீண்ட பேச்சு. நான் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை.

"பரிவு காட்டினா நாளைக்கு எல்லாப் பாத்தியும் பரிவுலதான் மேடம் விளையும்."

"பரிவு கேட்கவில்லை சார். தைப் பட்டம் கேட்கிறேன். மறுபடி விதைக்கட்டும்."

முடிவு இது: நஸ்ரின் தையில் மூன்று பாத்திகளைத் தனி ஆளாகப் போட வேண்டும், முழு உரம், பாதி உரம், உரமில்லாதது. பரிசோதனை சுத்தமாக வந்தால் அந்த மதிப்பெண் அவளுக்கு. எங்காவது பிசகினால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். வேறு யாரும் அந்தப் பாத்திகளுக்குள் கால் வைக்கக் கூடாது. உலகம்மை அதில் விதை எடுத்துக் கொடுத்தாலும் அது பிசகுதான். விளைச்சல் மதிப்பெண்ணை அவதானிப்புக்கு மாற்றும்படியும் எழுதிக் கொடுத்தேன். "இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே" என்றார். ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது கேட்டார். "காலையில உங்களைப் பண்ணைப் பக்கம் அடிக்கடி பாக்கேன். உங்க குவார்ட்டர்ஸ் கேட் பக்கம்லா இருக்கு?"

நடைப்பயிற்சி, முழங்காலுக்கு, என்றேன்.

டிசம்பர் 3, புதன்

மெஸ் வழியாகப் போனேன். இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அப்பளம் உடையும் சத்தம் வெளியே வரை கேட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

கண்ணாடி ஃபிரேம் மாற்றினேன். தலைமையகத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஜனவரி 8, வியாழன்

அறுவடை. சாக்கு விரித்து அவரவர் கதிர்களை அடுக்கினார்கள். உலகம்மையின் கதிர்கள் விரல் நீளம்தான், நுனியில் மணி பிடிக்கவில்லை. மற்றவர்கள் எடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். இவள் ஒரு கதிரைக் கையில் எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். என்றைக்கு முதல் மஞ்சள், எந்த இலை முதலில் காய்ந்தது, பட்டு நூல் மற்றப் பாத்திகளைவிட எவ்வளவு தாமதம், எந்தப் பூச்சி இந்த மெலிந்த செடிகளைச் சீண்டவே இல்லை. பசியோடு நிற்கும் ஒரு செடி முதலில் எதை விட்டுக்கொடுக்கும், எதை விடவே விடாது என்று வரிசையாகச் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்கும் இருவரும் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள்.

"இந்தப் பக்கத்து மூணு வரிசையை முடிவுல சேக்கல. காரணம், உரம் விழுந்துட்டு."

"யாரு போட்டதுன்னு எழுதலியா?" என்றான் ஜெரோம். ஊருக்கே தெரியும், வேண்டுமென்றே கேட்டான்.

"பயிருக்கு யாருன்னு தெரியாதுல. எவ்வளவுன்னுதான் தெரியும்."

நஸ்ரின் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கற்பிக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு நாளை இப்படி உபயோகிக்க எனக்கு எந்த வயதிலும் தெரிந்திருக்கவில்லை. என் கல்லூரி நாள்களில் நானும் முதல் மதிப்பெண் வாங்கியவள்தான். எனக்கு என்ன பயிர் விழுந்தது என்றுகூட இப்போது நினைவில்லை.

ஜனவரி 12, திங்கள்

இடமாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்றார் அருணகிரி சார். கோடையில் கிணற்றில் தண்ணீர் குறையும், மூன்று பாத்திகளைக் கவனிக்கப் பொறுப்பான ஆள் வேண்டும் என்றேன். "மூணு பாத்திக்கா?" என்றார். ஆமாம், மூன்று பாத்திக்குத்தான்.

ஜனவரி 23, வெள்ளி

நஸ்ரின் விதைத்தாள். உலகம்மை வேலிக்கு வெளியே நின்றுகொண்டு ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்க்குத் தடை எதுவும் விதிக்கவில்லை, அது எங்கள் கவனக்குறைவு.

பிப்ரவரி 16, திங்கள்

முதல் மேலுரம். மூன்றாவது பாத்திக்குக் காலி வாளி. அதில் ஒரு குருணைகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று நஸ்ரின் குழாயடியில் வெகுநேரம் கழுவினாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மெஸ்ஸிலிருந்து புது வாளி கேட்டு வாங்கி வந்தாள். மெஸ்காரர் என்னிடம் புகார் சொன்னார். வாளி திரும்பி வரும் என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் போனபோது இருவரும் அங்கே இருந்தார்கள். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பாத்திகளும் மூன்று நிறத்தில் நின்றன. கோடு போட்டுப் பிரித்ததுபோல அவ்வளவு சுத்தம். அருணகிரி சார் நேற்றே பார்த்துவிட்டு, அறுவடைவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நஸ்ரினுக்கு வருடம் போகாது. அதை அவளிடம் சொல்லத்தான் போனேன்.

நஸ்ரின் உரமில்லாத பாத்திக்குள் மண்டியிட்டு, தரையோடு முகத்தை வைத்து அடி இலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மை வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டினாள். "என்னட்டி தெரியுது? எனக்கும் சொல்லு."

"தள்ளி நில்லுட்டி. உன் நெழல் விழுது."

"நெழல்தானே!"

"மத்த ரெண்டு பாத்தியிலயும் விழலைல்லா? வெயில் ஒண்ணு போல படணும். தள்ளு."

உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள். நஸ்ரின் தலையைத் தூக்கவே இல்லை.

"மேடம், நீங்களும்."

நான் குடையை மடக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன்.